ரெய்டு கடினத்தைச் சமன்செய்தல்: ஹெச்பிக்கு முன்னால் பிழைக் கணக்கு

ரெய்டு என்பது ஆன்லைன் கேமில் பலர் குழுவாகச் சேர்ந்து பாஸ் எனும் பெரிய எதிரியை வீழ்த்தும் சண்டை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஆடும் குழுவும் ஒரு பாஸை வீழ்த்திவிட்டு மகிழ்ச்சியாகப் படுக்கப் போக வேண்டும். வாரத்தில் நான்கு இரவுகளை ஒதுக்கி ஆடும் குழு அதே பாஸிடம் திணற வேண்டும். ரெய்டு வடிவமைப்பவரின் வேலை இதுதான். புதிதாக இறங்குபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் பாஸின் ஹெச்பியில் (உயிர் அளவில்), அடுத்து அது கொடுக்கும் சேதத்தில். இரண்டையும் 20 சதவீதம் ஏற்றி அதற்கு ஹீரோயிக் (நார்மலுக்கும் மித்திக்குக்கும் நடுவிலுள்ள கடினநிலை) என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இதனால் சண்டை நீள்கிறதே தவிரக் கடினமாவதில்லை.

ஒரு குழு எத்தனை தவறு வரை செய்துவிட்டும் ஜெயிக்க முடியும் என்பதே ரெய்டின் உண்மையான கடினம். அந்தக் கணக்கை முதலில் முடித்தால் நேரம், ஹெச்பி, சேதம் மூன்றும் அதிலிருந்து தாமாகவே வரும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் உள்ளன. வரிசை மாறினால், பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் முன்னால் வைத்த எண்ணைக் கெடுக்கும்.

எடுத்துக்காட்டு முழுவதற்கும் ஒரே குழு: 10 பேர். 2 டேங்க் (பாஸின் அடியைத் தாங்குபவர்), 2 ஹீலர் (உயிரை மீட்பவர்), 6 டிபிஎஸ் (சேதம் கொடுப்பவர்). எண்கள் உங்கள் கேமில் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

தொடங்கும் முன் தேவையானவை

நான்கு பொருள்கள் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதலாவது, நேர முத்திரையோடு கூடிய சண்டைப் பதிவு. யார், எந்த நொடியில், எந்தத் தாக்குதலால், எவ்வளவு ஹெச்பி மீதமிருந்தபோது இறந்தார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, அடித்துப் பார்க்க ஒரு பயிற்சிப் பொம்மை. மூன்றாவது, கடினநிலை எண்கள் எல்லாவற்றையும் நிரலுக்கு வெளியே வைத்திருக்கும் ஓர் அட்டவணை. ஓர் எண்ணை மாற்றிப் பார்க்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், அன்றைக்கு நாலைந்து மாற்றம்தான் சோதிக்க முடியும். நான்காவது, சண்டையின் எந்தக் கட்டத்துக்கும் நேராகத் தாவ உதவும் கட்டளை. அது இல்லையென்றால் முதல் கட்டத்தை நூறு முறை சோதித்திருப்பீர்கள், கடைசிக் கட்டத்தை மூன்று முறை. வெளிவந்த பிறகு கடைசிக் கட்டம்தான் உடையும்.

1. ஒவ்வொரு கடினநிலையும் யாருக்கு என்று எழுதுங்கள்

"நார்மல் சுலபம், மித்திக் கடினம்" என்று எழுதினால் போதாது. அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று விவரம் தேவை: குழு எப்படிச் சேர்ந்தது, பேசிக்கொள்ள வசதி உண்டா, எத்தனை முயற்சியில் பாஸ் விழ வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நார்மலில் முன்பின் அறியாதவர்கள் குரல் அரட்டை இல்லாமல் வந்து 3 முதல் 5 முயற்சிக்குள் வீழ்த்த வேண்டும். ஹீரோயிக்கில் ஒருவரையொருவர் அறிந்த குழு, குரல் அரட்டையோடு, 20 முதல் 40 முயற்சிக்குள். மித்திக்கில் நிலையான அணி, 100 முயற்சிக்கு மேல்.

முயற்சி எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டால், சோதனையின்போது "இது சரியா?" என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் கிடைக்கும். இல்லாவிட்டால் அறையில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் சொல்வதுதான் கடினம் என்றாகிவிடும்.

இந்த மூன்று குழுக்களையும் பிரிப்பது கைத்திறமையைவிட நேரமும் ஒருங்கிணைப்பும்தான். திறமையான ஆட்டக்காரர்கள் பலர் நேரமில்லாததால் நார்மல் ஆடுகிறார்கள். ஆகவே நார்மல் என்றால் மெக்கானிக்கே (பாஸ் வைக்கும், சரியாகச் செய்து தப்ப வேண்டிய சோதனை) இல்லாத சண்டை என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

2. குழுவின் திறனை அளந்துகொள்ளுங்கள்

பயிற்சிப் பொம்மையில் ஒரு டிபிஎஸ் நொடிக்கு 10,000 சேதம் கொடுக்கிறார் என்று வையுங்கள். உண்மையான சண்டையில் அவர் ஓட வேண்டும், இலக்கு மாற்ற வேண்டும், தரையில் தோன்றும் வட்டத்தைத் தவிர்க்க வேண்டும். பொம்மையில் வந்த எண் அங்கே வராது.

ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஆட்டக்காரர்களை அழைத்து, ஏறக்குறைய முடிந்த நிலையிலுள்ள சண்டையில் தனித்தனியாக அளவெடுங்கள். இங்கே கணக்குக்காக, நார்மல் குழு பொம்மை அளவில் 60 சதவீதமும், ஹீரோயிக் குழு 80 சதவீதமும் எட்டுவதாகக் கொள்வோம். டேங்கின் சேதத்தையும் சேர்த்தால்:

ஹீரோயிக்: 6 × 8,000 + 2 × 3,500 = நொடிக்கு 55,000
நார்மல்: 6 × 6,000 + 2 × 2,500 = நொடிக்கு 41,000

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அலுவலகத்தில் இருக்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் எண்ணை எடுத்துக்கொண்டு எல்லா நிலைக்கும் ஒரு பெருக்கல் போடுவது. நடுவில் நிற்கும் ஆட்டக்காரரின் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், இடைநிலை எண். ஒரே ஒரு அசாத்திய ஆட்டக்காரர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்.

ஹீலர்களையும் இதே போல அளக்க வேண்டும், ஆனால் இரண்டு எண்ணாக: நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் ஒன்று, கூல்டவுன்களை (ஒருமுறை போட்டால் மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய திறன்களை) எல்லாம் போட்டு 10 நொடிக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வேகம் இன்னொன்று. 7-ஆம் படியில் இவை தேவைப்படும்.

3. மெக்கானிக்குகளை வகை பிரியுங்கள்

பாஸ் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஒருவர் தவறினால் தண்டனை யாருக்கு?

தவறியவருக்கு மட்டும் என்றால் அது தனிநபர் சோதனை. வட்டத்தில் நின்றால் அடி விழுவது இந்த வகை. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் என்றால் அண்டைச் சோதனை. உங்கள் மேல் விழுந்த குண்டோடு கூட்டத்துக்குள் ஓடினால் நடப்பது அது. ஒருவர் தவறினால் குழுவே வைப் ஆகும் (எல்லோரும் இறந்து முயற்சி தோற்கும்) என்றால் அதை பாடி செக் என்பார்கள். இவை தவிர டிபிஎஸ் செக், ஹீல் செக் இரண்டும் உண்டு. அவை குழுவின் மொத்தத் திறனைச் சோதிப்பவை.

நார்மலுக்கும் மித்திக்குக்கும் ஒரே மெக்கானிக் பட்டியலை வைத்துக்கொண்டு, தண்டனை யாரைச் சேரும் என்பதை மட்டும் மாற்றுவதுதான் நல்ல வழி. நார்மலில் தனிநபருக்கு விழும் தண்டனை, ஹீரோயிக்கில் அண்டையருக்கும் பரவட்டும், மித்திக்கில் குழுவுக்கே போகட்டும். அப்போது கீழ்நிலையில் ஆடியவர் மேலே வரும்போது கற்றது கைகொடுக்கும்.

இதில் மீறவே கூடாத விதி ஒன்று உண்டு: கீழ்நிலையில் கற்ற பழக்கம் மேல்நிலையில் பொய்யாகக் கூடாது. நார்மலில் விலகி ஓட வேண்டிய சிவப்பு வட்டம், ஹீரோயிக்கில் உள்ளே போய் நிற்க வேண்டிய வட்டமாக மாறினால், ஆட்டக்காரருக்கு எதுவும் கடினமாகவில்லை, நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள் என்றுதான் தோன்றும். உள்ளே நிற்க வேண்டியது என்றால் அதற்கு முதலிலிருந்தே வேறு வடிவம் கொடுங்கள்.

டேங்க் மாற்றத்துக்கும் (ஒரு டேங்க் மேல் தண்டனை அடுக்கடுக்காகச் சேரும்போது மற்றவர் பாஸைத் தாங்க வருவது) இதே முறைதான். நார்மலில் அதை முழுதாக நீக்கிவிட்டால், ஹீரோயிக்குக்கு வரும் டேங்க் அதைப் பார்த்ததே இல்லை என்றாகும். மெக்கானிக் இருக்கட்டும். ஹீரோயிக்கில் 2 அடுக்கிலேயே கொல்வது நார்மலில் 5 அடுக்கில் கொன்றால் போதும்.

4. பிழைக் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் மிக அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற எல்லா எண்ணும் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒருவர் ஒரு மெக்கானிக்கை 100-க்கு 95 முறை சரியாகச் செய்கிறார் என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை பாடி செக் ஆக்கி, 10 பேருக்கும் கொடுத்து, சண்டையில் 5 முறை வரவையுங்கள். மொத்தம் 50 வாய்ப்பு, ஐம்பதும் சரியாக நடக்க வேண்டும். 0.95-ஐ 50 முறை பெருக்கினால் 7.7 சதவீதம். அதாவது ஏறக்குறைய 13 முயற்சியில் ஒன்றுதான் இந்த ஒரு மெக்கானிக்கைத் தாண்டும். 3 முதல் 5 முயற்சியில் விழ வேண்டிய நார்மல் பாஸ் இங்கேயே செத்துப்போகிறது, அதன் ஹெச்பி எவ்வளவாக இருந்தாலும்.

100-க்கு 99 முறை சரியாகச் செய்பவர்கள் என்றால் 10 பேர் குழுவுக்கு அது 60.5 சதவீதம். அதே திறமையுள்ள 20 பேர் என்றால் 36.6 சதவீதம். யாருடைய திறமையும் குறையவில்லை, ஆள் கூடியதே கடினத்தைக் கூட்டிவிட்டது.

தளர்த்த வழிகள் உண்டு. 95 சதவீத ஆட்டக்காரர்களையே வைத்துப் பார்ப்போம்.

மெக்கானிக்கை 10 பேருக்கும் கொடுக்காமல் ஒவ்வொரு முறையும் 3 பேருக்குக் கொடுங்கள். 15 வாய்ப்பு, 46 சதவீதம். 5 முறையை 3 முறையாகக் குறைத்தால் 9 வாய்ப்பு, 63 சதவீதம்.

அல்லது 10 பேர், 5 முறை என்பதை அப்படியே விட்டுவிட்டு, மொத்தத்தில் 2 தவறு வரை குழு தாங்கும் என்று மாற்றுங்கள். 7.7 சதவீதம் 54 சதவீதமாக ஏறுகிறது. மெக்கானிக் மாறவில்லை, வேகம் மாறவில்லை, மன்னிப்பு மட்டும் வந்திருக்கிறது. கடினநிலைகளைப் பிரிக்க இதைவிடச் சுத்தமான கருவி கிடையாது என்பதே எங்கள் முடிவு.

"2 தவறு தாங்கும்" என்பதை எப்படிச் செய்வது? சண்டையின் நடுவில் ஒருவரை உயிர்ப்பிக்கும் வாய்ப்பு ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு தவறைச் சேர்க்கிறது. தவறியவரைக் கொல்லாமல் அவர் சேதத்தைச் சில நொடிகளுக்குக் குறைப்பது இன்னொரு வழி. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் டேமேஜ் டவுன் என்ற தண்டனை இந்த வேலையைத்தான் செய்கிறது. அங்கே தவறு சாவாகாமல் நேர இழப்பாக மாறுகிறது. தவறியவரும் ஆட்டத்தில் தொடர்கிறார், தரையில் கிடந்து மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதில்லை.

இப்போது ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில்: நார்மலில் இரண்டு சாவு வரை தாங்கும், ஹீரோயிக்கில் ஒன்று, மித்திக்கில் ஒன்றுமில்லை.

5. எச்சரிக்கை நேரத்தை ஓட்டத்தோடு சேர்த்து அளக்கவும்

தாக்குதல் வரப்போகிறது என்று காட்டுவதற்கும் அது விழுவதற்கும் நடுவிலுள்ள நேரத்தைப் பலர் மனதுக்குத் தோன்றியபடி வைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள்.

8 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் நடுவில் ஒருவர் நிற்கிறார். நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறார். வெளியே வர 1.3 நொடி. பார்த்து, என்ன என்று புரிந்து, திசை தேர்ந்தெடுக்க 0.6 நொடி. வெறும் ஒளி மினுக்கத்துக்கே மனிதர் கால் நொடி எடுப்பார், தேர்வும் சேர்ந்தால் கூடும். இணையத் தாமதம் 0.2 நொடி. மொத்தம் 2.1 நொடி. இதற்குக் கீழே போனால் தொலைவிலிருந்து ஆடும் ஒருவருக்கு அது சோதனையே இல்லை, தீர்ப்பு.

ஆக மித்திக்கில் 2.5, ஹீரோயிக்கில் 3, நார்மலில் 4 நொடி என்று வைக்கலாம். மேல்நிலையைக் கடினமாக்க இந்த நேரத்தை மேலும் வெட்டாதீர்கள். அதற்குப் பதில் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவற்றைக் கூட்டுங்கள். அது பயிற்சியால் தேறக்கூடியது. பிங், அதாவது இணையத் தாமதம், பயிற்சியால் தேறாது.

நிறத்தை மட்டும் நம்பியும் எச்சரிக்கை அமைக்கக் கூடாது. சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாத ஆண்கள் கணிசமானவர்கள். வடிவமும் ஒலியும் சேரட்டும். குரல் அரட்டை இல்லாத நார்மலில், "யார் இடம், யார் வலம்" என்ற முடிவைக் குழுவிடம் விடாமல் கேமே அம்புக்குறி போட்டுக் காட்டிவிடலாம். மேல்நிலையில் அந்த அம்பை எடுத்துவிட்டால் அதுவே ஒரு கடினம்.

6. சண்டை நேரம், ஹெச்பி, பிறகு என்ரேஜ்

இப்போதுதான் ஹெச்பி. முதலில் சண்டை எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று முடிவெடுங்கள். 7 நிமிடம், அதாவது 420 நொடி என்போம். குழுவின் அளந்த திறனால் பெருக்குங்கள்.

ஹீரோயிக்: 55,000 × 420 = 2 கோடியே 31 லட்சம்
நார்மல்: 41,000 × 420 = 1 கோடியே 72 லட்சத்து 20 ஆயிரம்

என்ரேஜை, அதாவது பாஸ் வெறிகொண்டு குழுவைக் கொல்லத் தொடங்கும் கெடுவை, எங்கே வைப்பது? 4-ஆம் படியில் எழுதிய பிழைக் கணக்குதான் அதைச் சொல்ல வேண்டும். ஹீரோயிக்கில் மூன்றாவது நிமிட முடிவில் ஒரு டிபிஎஸ் இறந்துவிட்டார், மீட்க வழியில்லை என்று வையுங்கள். பாஸுக்கு 1 கோடியே 32 லட்சம் மீதம். குழுவின் வேகம், அதாவது நொடிக்குக் கொடுக்கும் சேதம், 47,000. இன்னும் 281 நொடி தேவை, பாஸ் 461-ஆவது நொடியில் விழும். இரண்டு பேர் இறந்தால் வேகம் 39,000, முடிவு 518-ஆவது நொடியில். என்ரேஜை 480 நொடியில் வைத்தால் ஒரு சாவு நடந்தாலும் குழு ஜெயிக்கும், இரண்டு நடந்தால் ஜெயிக்காது. எழுதியது கிடைத்துவிட்டது.

நார்மலில் அதே நேரத்தில் இருவர் இறந்தால் வேகம் 29,000, முடிவு 519-ஆவது நொடி. மூவர் இறந்தால் 608. ஆகவே 540 நொடி.

மித்திக்குக்கு அதன் குழுவை அளந்து, 420-க்கு மிக அருகில், 445 போல வைக்கலாம். ஆனால் இவ்வளவு இறுக்கினால் 1 சதவீதம்கூடப் பெரிதாகிவிடும். 2022-இல் ஃபைனல் ஃபேன்டசி 14-இன் அபிஸோஸ் ரெய்டில், சாவேஜ் என்ற கடினநிலையின் கடைசி பாஸுக்கு, வெளியான பின் ஹெச்பியை ஏறத்தாழ 1 சதவீதம் குறைத்தார்கள். இறுக்கமான நிலையில் பாத்திர வகுப்புகளுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடே யாரைக் குழுவில் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்துவிடும். மித்திக்கின் என்ரேஜை முடிவு செய்யும் முன், உங்கள் கேமில் மிகக் குறைந்த சேதம் கொடுக்கும் வகுப்புகளை மட்டும் வைத்து ஒரு குழு அமைத்து இதே கணக்கைப் போடுங்கள். அந்தக் குழுவால் முடியவே முடியாது என்று வந்தால் இறுக்கம் அதிகம்.

நார்மலில் ஒரே நொடியில் கொல்லும் என்ரேஜைவிட, அந்த நேரத்துக்குப் பிறகு பாஸின் சேதம் படிப்படியாக ஏறுவது நல்லது. 2 சதவீதம் மீதமிருக்கும்போது சட்டென்று வைப் ஆவதைவிட, ஏறும் சேதத்தோடு மல்லுக்கட்டி முடிப்பது புதியவர்களுக்கு மறக்க முடியாத வெற்றி.

7. சேதத்தை ஹீலரின் சுமையாகக் கணக்கிடுங்கள்

குழுவில் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ஹெச்பி. பாஸின் அலைத் தாக்குதல் ஒவ்வொருவருக்கும் 40,000 குறைக்கிறது. 10 பேருக்கு 4 லட்சம். இரண்டு ஹீலர்கள் சேர்ந்து நொடிக்கு 24,000 மீட்கிறார்கள் என்றால் முழுதாக மீட்க 16.7 நொடி.

அலை 20 நொடிக்கு ஒருமுறை வந்தால் ஹீலர் சுமை 83 சதவீதம். 28 நொடிக்கு ஒருமுறை என்றால் 60 சதவீதம். அடியின் அளவைத் தொடாமல் இடைவெளியை மட்டும் மாற்றியே ஹீரோயிக்கையும் நார்மலையும் பிரிக்க முடிகிறது. அடியின் அளவை ஏற்றினால் ஹீலர் செய்யக்கூடியது எதுவுமின்றி ஆள் சாவார். இடைவெளியைக் குறைத்தால் ஹீலர் திட்டமிட வேண்டும். இரண்டாவதுதான் ஆட்டம்.

நார்மல் ஹீலர் கையில் மிஞ்சும் 40 சதவீதம் சும்மா இருப்பதற்கல்ல. தவறு செய்தவர்களைக் காப்பாற்ற அது செலவாகும். பிழைக் கணக்கின் இன்னொரு பாதி அங்கேதான் இருக்கிறது.

இப்போது மோதல்களைத் தேடுங்கள். ஹீரோயிக்கில் வட்டத்தில் நின்றால் 70,000 சேதம், அலை 40,000. தனித்தனியாக இரண்டும் ஆளைக் கொல்லாது. ஒரே நொடியில் வந்தால் 1,10,000, ஆள் காலி. இரண்டின் கால இடைவெளியும் வேறு வேறாக இருந்தால், எட்டாவது நிமிடத்தில் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சேரும். அது நீங்கள் திட்டமிட்டதா, தற்செயலா? முழுச் சண்டைக்கும் நொடிவாரியாக ஒரு கால அட்டவணை போட்டுப் பாருங்கள். "திடீரென்று செத்துப்போனேன்" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்தத் தற்செயல்தான்.

டேங்குக்கு ஒரே விதி: முழு ஹெச்பியில் இருக்கும் டேங்க், ஹீலர் ஒருமுறை மந்திரம் போட்டு முடிக்கும் நேரத்துக்குள் சாகக் கூடாது. மந்திரம் 1.5 நொடி, கவனிக்கவும் இணையத்துக்கும் 0.8 நொடி என்றால், 2.3 நொடிக்குள் விழும் அடிகளின் கூட்டு டேங்கின் ஹெச்பிக்குக் கீழே இருக்க வேண்டும். தற்காப்புத் திறனைப் பயன்படுத்தியே தீர வேண்டிய பெரிய அடி மட்டும் விலக்கு. அதற்குத் தெளிவான எச்சரிக்கை வேண்டும்.

8. ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றும்போது நேர்விகிதம் வேண்டாம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2014 முதல் நார்மலும் ஹீரோயிக்கும் 10 முதல் 30 பேர் வரை நெகிழும், மித்திக் மட்டும் 20 பேர் என்று நிலையானது. காரணம் மேலே உள்ள கணக்குகளிலேயே தெரிகிறது: பிழைக்கு இடமில்லாத சண்டையை எல்லா எண்ணிக்கைக்கும் சரியாக அமைப்பது நடைமுறையில் ஆகாது. மேல்நிலைக்கு எண்ணிக்கையை நிலையாக வையுங்கள்.

நெகிழும் நிலைகளில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது ஹெச்பி. 10 பேருக்கு 2.31 கோடி என்பதால் 20 பேருக்கு 4.62 கோடி என்று வைத்துவிடுவார்கள். ஆனால் 20 பேர் குழுவிலும் டேங்க் 2 பேர்தான். 4 ஹீலர் போக 14 டிபிஎஸ். வேகம் 1,19,000. பாஸ் 420-க்குப் பதில் 388 நொடியில் விழும். 30 பேர் என்றால் 379. சரியான ஹெச்பியை வேகத்தால்தான் கணக்கிட வேண்டும்: 20 பேருக்கு 4 கோடியே 99 லட்சத்து 80 ஆயிரம்.

இரண்டாவது இடம். எல்லோரும் 8 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் 4 மீட்டர் ஆரமுள்ள வட்டம், ஏறக்குறைய 50 சதுர மீட்டர். 20 மீட்டர் ஆரமுள்ள அறையின் பரப்பு 1,257 சதுர மீட்டர். 30 பேருக்கு 1,508 தேவை. வட்டங்கள் முழுதாக உள்ளே அடங்காது, ஓரங்கள் சுவரைத் தாண்டும். நடமாட இடமே மிஞ்சாது. இங்கே ஹெச்பியைக் குறைத்து எதையும் சரிசெய்ய முடியாது. விலக வேண்டியவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடுங்கள்.

மூன்றாவது படிக்கட்டு. "5 பேருக்கு ஒரு குண்டு" என்றால் 14 பேருக்கு 2 குண்டு, 15 பேருக்கு 3. குழுக்கள் இதை ஓரிரு நாளில் கண்டுபிடித்து, பதினைந்தாவது நண்பரை வெளியே உட்காரவைத்துவிடும். நண்பர்களைச் சேர்க்கத்தான் நெகிழ்வு கொண்டுவந்தீர்கள், அதுவே ஒருவரை விலக்குகிறது. எண்ணிக்கை ஒரு படி ஏறும் இடத்தில் ஒவ்வொரு குண்டின் சேதத்தையும் அதே விகிதத்தில் இறக்கி, மொத்தச் சுமை சீராக ஏறும்படி செய்யுங்கள்.

9. கியர் வளர்ச்சியை முன்கூட்டியே சேருங்கள்

வாரத்துக்கு 2 சதவீதம் வேகம் கூடும் கியர் (ஆயுதம், கவசம்) என்றால் எட்டு வாரத்தில் 17 சதவீதம். எதையும் தொடாமலேயே உங்கள் பாஸ் அவ்வளவு தளர்ந்திருக்கும். முதல் வாரக் குழுவுக்காக இறுக்கினீர்களா, நான்காவது வாரக் குழுவுக்காகவா என்பதை அட்டவணையில் எழுதி வையுங்கள்.

முதலில் வீழ்த்தும் போட்டி வேண்டுமென்றால், டெஸ்டினி 2-இன் கான்டெஸ்ட் மோட் போல ஆட்டக்காரரின் சக்தி அளவுக்கு ஒரு வரம்பு போடலாம். மெதுவாக வரும் குழுக்களுக்கு உதவ, எதிர்த்திசையில், காலப்போக்கில் ஏறும் பஃப் (வலிமையேற்றம்) கொடுக்கலாம். 2010-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஐஸ்கிரவுன் சிட்டாடல் ரெய்டில் 5 சதவீதத்தில் தொடங்கி 30 சதவீதம் வரை அப்படி ஏற்றினார்கள். அதோடு அதை வேண்டாமென்று அணைத்துவிடும் வசதியும் இருக்கட்டும். உதவியில்லாமல் ஜெயிக்க விரும்புபவரின் ஆசை மதிக்கத்தக்கது.

10. சோதனை

வடிவமைத்தவர்கள் ஆடிப் பார்ப்பது பிழை கண்டுபிடிக்க உதவும், கடினத்தை அளக்க உதவாது. அவர்களுக்கு விடை தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் புதிய ஆட்களைக் கொண்டுவாருங்கள். ஒருமுறை ஆடியவர் அந்த பாஸுக்கு இனிப் புதியவர் அல்ல.

பதிவில் இரண்டைப் பாருங்கள். ஒவ்வொரு வைப்பிலும் முதலில் இறந்தவர் யார், எதனால்? அதற்குப் பின் வரும் சாவுகள் பெரும்பாலும் அதன் விளைவு, அவற்றை எண்ணினால் தவறான இடத்தைத் திருத்துவீர்கள். அடுத்து, வைப் ஆகும்போது பாஸிடம் எத்தனை சதவீதம் மீதம்? அந்த எண்கள் முயற்சிக்கு முயற்சி மெல்லக் குறைந்தால் குழு கற்றுக்கொள்கிறது. பத்துப் பதினைந்து முயற்சிக்குப் பிறகும் ஒரே சதவீதத்தில் குவிந்து கிடந்தால் அங்கே சுவர் இருக்கிறது. அது என்ன மெக்கானிக் என்று பார்த்து 4-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஒரு சோதனைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஹெச்பியையும் அலை இடைவெளியையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

11. வெளியான பிறகு தொடும் வரிசை

முதல் இரண்டு நாளில் வரும் கூச்சலுக்கு எண்களை மாற்றாதீர்கள். பழுது என்றால் உடனே சரிசெய்யுங்கள். கடினம் என்றால் குறிவைத்த முயற்சி எண்ணிக்கையோடு பதிவை ஒப்பிடும் வரை பொறுங்கள்.

நெர்ஃப் செய்தே (பாஸைத் தளர்த்தியே) ஆக வேண்டுமென்றால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் எச்சரிக்கை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துத் திருத்துவது, அடுத்து பாடி செக்கில் சிக்குவோர் எண்ணிக்கையைக் குறைப்பது, பிறகு என்ரேஜைத் தள்ளிவைப்பது, கடைசியாக ஹெச்பி. ஹெச்பியை முதலில் குறைத்தால் ஏற்கெனவே நன்றாக ஆடிய குழுக்கள் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமலே தாண்டிவிடும். சுவரில் மோதி நிற்கும் குழுவோ அங்கேயே நிற்கும், ஏனென்றால் அவர்கள் தோற்பது ஹெச்பியிடம் அல்ல.

பாஸ் எதிர்பார்த்ததைவிட எளிதாகிவிட்டால், சிலர் வீழ்த்திய பிறகு ஏற்றாதீர்கள். நேற்று ஜெயித்தவரின் வெற்றி மதிப்பிழக்கும், இன்று வருபவருக்கு அநியாயம். அடுத்த பாஸில் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் போட்டு வெளிப்படையாக அறிவியுங்கள். அறிவிக்காமல் மாற்றினாலும் சண்டைப் பதிவை வைத்து ஆட்டக்காரர்கள் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.